போகப்போகிறவர்கள்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பதினான்கு வருடங்கள் கீழ்க்கீல் கிடையாது. திறக்க வேண்டுமானால் ஒரு கையால் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ள வேண்டும். தச்சரைக் கூப்பிட்டால் அரை மணி நேர வேலை. கூப்பிடவில்லை. போகப்போகிற வீட்டுக்கு எதற்கு என்று இருந்துவிட்டோம். காரைக்காலில் இப்படிப்பட்ட வீடுகளைத் தெருவில் நின்றே அடையாளம் சொல்லிவிடலாம். வெள்ளை அடித்துப் பல வருடம் ஆகியிருக்கும். மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்காது. பரணில் மட்டும் புத்தம்புதிய பெட்டிகள் இரண்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கும். பிரெஞ்சுக் குடியுரிமைப் பேப்பருக்குக் காத்திருக்கிறவர்களின் வீடுகள் அவை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்தது. அவர்கள் விட்டுப்போனபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம் என்றார்கள். போட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் பிரான்சுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவரும் கையெழுத்துப் போட்டார் என்பது எங்கள் குடும்பத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்தக் கையெழுத்தைக் கண்ணால் பார்த்தவர்தான் யாரும் இல்லை. அதை நிரூபித்துவிட்டால் நான் பிரெஞ்சுக்காரன், என் மகள் பிரெஞ்சுக்காரி. அவளுக்கு ஒரு வயது நடக்கும்போது மனு போட்டேன்.

என் தொழிலும் அதற்குத் தோதாக இருந்தது. பிரான்சுக்குப் போகிறவர்களுக்கு வீட்டில் வைத்துப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாணமாகிப் போகிற பெண்கள், அப்பாவிடம் போய்ச் சேருகிற பிள்ளைகள், ஐம்பது வயதில் பேப்பர் வந்து திண்டாடுகிறவர்கள், எல்லோரும் என் கூடத்தில் உட்கார்ந்து மூக்கால் பேசப் பழகிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாடம் படித்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், வாத்தியார் மட்டும் பாஸாகவில்லை என்று என் மனைவி கிண்டல் செய்வாள். ஆரம்ப வருடங்களில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

மகளுக்கு மூன்று வயதானபோது பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவர் ஆட்டிசம் என்றார். அந்த வார்த்தையை அப்போதுதான் முதலில் கேட்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், மாதா கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுகொள்வாள், எவர்சில்வர் மூடி ஒன்றைத் தரையில் சுழலவிட்டு மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பாள். காது சரியில்லையோ என்று காட்டப் போன இடத்தில் இந்தப் பதில். மருத்துவர் பொறுமையாகத்தான் சொன்னார். இது நோய் இல்லை, மருந்து இல்லை, பயிற்சி உண்டு. ஐந்தாறு வயதுக்குள் தொடங்குவது நல்லது. உங்கள் ஊர்ப் பக்கமே சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறது, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் எடுங்கள், பெயரைப் பதிவு செய்யுங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பேருந்தில் ஊர் திரும்பும்போது மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தாள். நான் அழவில்லை. பிரான்சுக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடலூர் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

என் மனைவியின் அக்கா பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவரும் தொலைபேசியில் அதையேதான் சொன்னார். இங்கே பள்ளிக்கூடத்திலேயே இந்தப் பிள்ளைகளுக்குத் தனியாக ஆள் போடுகிறார்கள், வீட்டுக்கே வந்து பேசச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அங்கே எதையாவது ஆரம்பித்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், சீக்கிரம் வந்து சேருங்கள் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வந்து சேருவதற்கு வழி இருக்கிறதா என்பதை நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

இதற்கு மேல் ஒரு வதந்தி. பேப்பருக்குக் காத்திருக்கிறவர்களுக்குள் ஓடிய பேச்சு அது. இங்கே இந்திய அரசாங்கத்தில் மாற்றுத்திறனாளி அட்டை, உதவித்தொகை என்று எதையாவது வாங்கிவிட்டால், நீ இந்தியன்தான் என்று நீயே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், மனு அடிபட்டுப் போகும் என்றார்கள். யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. ஆனால் என்னிடம் வந்து கேட்டவர்களிடம் நானும் ஆமாம் என்றேன். பிரெஞ்சு வாத்தியார் சொல்லிவிட்டார் என்பதால் அது ஊரில் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. நிஜமா என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். ஊரில் பாதிப் பேருக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதிக்கொடுத்தவன் நான். எனக்காக ஒன்று எழுத எனக்குக் கை வரவில்லை. கேட்டால் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயமும் உள்ளே இருந்தது. இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தால் எங்களை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று நினைத்தேன். எவ்வளவு கேவலமான நினைப்பு! என் பிள்ளையை நானே மறைத்து வைத்தேன்.

என் மனைவி விழிதியூர்க்காரி. வயல்காட்டில் வளர்ந்தவள். நாற்றை எந்த நாளில் பிடுங்கி நட வேண்டும் என்று தெரிந்த குடும்பம். அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஏங்க, போறப்ப போறோம். போற வரைக்கும் அந்த வகுப்புக்கு அழச்சிட்டுப் போயிட்டு வாரேனே. சும்மாதானே இருக்கா."

அங்கே போனால் பெயரைப் பதிவேட்டில் எழுதுவார்கள், எழுதினால் சான்றிதழ் எடு என்பார்கள், எடுத்தால் மனு போச்சு என்று கத்தினேன். அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு எதிராக என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. குரல்தான் இருந்தது. அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வகுப்புக்கு அனுப்பவில்லையே தவிர, நான் சும்மா இருக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். நானே சொல்லிக்கொடுப்பது என்று இறங்கினேன். எந்த மொழியில்? போகப்போகிற ஊரின் மொழியில். வாயில் ஒரு சொல்கூட இல்லாத குழந்தை, எந்த மொழியில் தொடங்கினால் என்ன, அங்கே போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்கு இப்போதே அதில் தொடங்கிவிடலாமே என்று கணக்குப் போட்டேன். படங்களை வெட்டி அட்டையில் ஒட்டினேன். தண்ணீர்ப் படத்தைக் காட்டினால் 'தெலோ'. இன்னும் வேண்டுமென்றால் 'அங்கோர்'. போதுமென்றால் 'ஃபினி'. ஒரு சொல்லை ஆயிரம் தடவை சொல்ல எனக்கு அலுக்காது. வாத்தியார் தொழில் அப்படி.

இரண்டு மொழி கலந்தால் அவள் குழம்புவாள் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் அவளிடம் தமிழில் அதிகம் பேச வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். மனைவிக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் சொல்லிக்கொடுத்த பத்துப் பதினைந்து சொற்களை அவள் கூச்சத்தோடு சொல்லிப் பார்த்தாள், நாக்கு வளையவில்லை. பிறகு பேசுவதையே விட்டுவிட்டாள். பிள்ளைக்குத் தலை பின்னுவாள், குளிப்பாட்டுவாள், சோறு ஊட்டுவாள், எல்லாம் வாய் திறக்காமல். வேலைக்காரியோடும் மீன்காரியோடும் வாசலில் நின்று ஓயாமல் பேசுகிறவள், உள்ளே வந்து தன் பிள்ளையின் முன்னால் ஊமையாகிவிடுவாள். இதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கட்டுப்பாடான தாய் என்று மெச்சிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மகளுக்கு எட்டு வயதாகும்போது பன்னிரண்டு சொற்கள் வந்துவிட்டன. தெளிவான உச்சரிப்பு. என் மாணவர்களில் பாதிப் பேருக்கு அந்த உச்சரிப்பு வராது. பாரிசுக்குத் தொலைபேசி போட்டு அவளைச் சொல்லச் சொன்னேன். அக்கா அந்தப் பக்கம் கை தட்டினார். நான் வெற்றி பெற்றவன்போல் நடந்தேன். மனுவுக்குத்தான் பதில் இல்லை. இன்னொரு சான்று கேட்டு வரும், தேடி அனுப்புவேன், ஒரு வருடம் போகும். மறுபடி இன்னொன்று கேட்டு வரும். பெட்டிகள் பரணிலேயே இருந்தன. நாங்களும் அப்படியே இருந்தோம்.

அவளுக்குப் பதினைந்து வயது நடந்தபோது ஒரு காலையில் அது நடந்தது. பாடம் முடிந்து போன மாணவர் யாரோ வெளிக்கதவைத் தாழ் போடாமல் போயிருக்கிறார். மனைவி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். இறங்கி வந்து பார்த்தால் பிள்ளை இல்லை. பஸ் ஸ்டாண்ட், கோயில், கடைத்தெரு, ஆற்றுப்பாலம் என்று ஸ்கூட்டரில் சுற்றினேன். யாரிடமாவது விசாரிக்கும்போதுதான் என் நிலைமை எனக்கே புரிந்தது. பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்ல முடியாது, அவள் திரும்ப மாட்டாள். ஊர், பெயரை அவளே சொல்லுவாள் என்று விடவும் முடியாது. எங்கேயும் அவளுடைய பெயர் பதிவாகவில்லை. அடையாள அட்டை என்று ஒன்று கழுத்தில் கிடையாது. வெய்யில் ஏறிக்கொண்டே போனது.

உச்சி நேரம் தாண்டி, தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் கூப்பிட்டுச் சொன்னார். காரைக்கால்மேட்டில், மீன் ஏலம் போடுகிற இடத்தில், ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதாம். போனேன். ஏலம் முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். வலை பழுது பார்க்கிறவர்களுக்குப் போட்டிருந்த பந்தல் நிழலில் நாலைந்து பெண்கள் சுற்றி நிற்க, என் மகள் மணலில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு அம்மா தன் தோள் துண்டை நனைத்து அவள் தலையில் போட்டிருந்தார். பக்கத்தில் டீ கிளாஸ் கவிழ்ந்து கிடந்தது, ஒரு இலையில் இட்லி இருந்தது. அவள் உதடு வெடித்திருந்தது. குரல் கம்மிப்போய், "தெலோ, தெலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

துண்டு போட்டிருந்த அம்மாதான் பேசினார். "வந்ததுலேருந்து இத ஒண்ணத்தான் சொல்லிக்கிட்டே கெடக்கு சார். டீ குடுத்தோம், தட்டிவுட்டுருச்சு. இட்லி குடுத்தோம், தொடல. என்னா கேக்குதுன்னு எங்களுக்கு வெளங்கல."

"தண்ணி கேக்குறாம்மா" என்றேன்.

அவர் என்னையே ஒரு நிமிடம் பார்த்தார். மூன்று எட்டு தள்ளித் தண்ணீர்க் குடம் இருந்தது. மொண்டு கொண்டுவந்து கொடுத்தார். என் மகள் மூன்று சொம்பு குடித்தாள். இரண்டாவது சொம்புக்கும் மூன்றாவது சொம்புக்கும் நடுவில் "அங்கோர்" என்றாள், மிகச் சரியான உச்சரிப்போடு. இரண்டு மணி நேரமாகத் தண்ணீர் வேண்டும் என்று வாய் திறந்து கேட்டிருக்கிறாள். நல்ல மனசுள்ள ஆட்கள் சுற்றி நின்றிருக்கிறார்கள். எதிரே குடம் நிறையத் தண்ணீர் இருந்திருக்கிறது.

"தண்ணின்னு சொல்லிக்குடுக்கலையா சார்?" என்று அந்த அம்மா கேட்டார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார். மகளை ஸ்கூட்டரில் முன்னால் உட்கார வைத்து, என் இரண்டு கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலில் நின்றாள். மகளை வாங்கிக் கட்டிக்கொண்டு, அத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் முன்னாலேயே, "எங்கடி போனே, எங்கடி போனே" என்று தமிழில் அழுதாள். நான் தடுக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் பதிலும் வந்தது. தாத்தாவின் பெயரில் அப்படி ஒரு கையெழுத்து எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வருந்துகிறோம் என்று முடித்திருந்தார்கள். மரியாதையான, அருமையான பிரெஞ்சு. மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கலாம். யாரையும் குறை சொல்ல முடியாது. இல்லாத கையெழுத்தை அவர்கள் எங்கிருந்து எடுத்துத் தருவார்கள்? மறுநாள் தச்சரைக் கூப்பிட்டு, கதவுக்குக் கீல் போட்டோம். என் மனைவி பெட்டிகளை இறக்கிப் பழைய துணிகளை அடுக்கினாள். அந்தக் கடிதத்தை விட அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

பதினாறு வயதில் என் மகளைப் பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போனேன். குரும்பகரம் போகிற சாலையில் ஒரு வாடகை வீடு. உள்ளே சுவர் முழுக்கப் படங்கள். மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்தார்கள். சிறிய நாற்காலி ஒன்றில் என் மகள் முழங்கால்கள் மார்பைத் தொட உட்கார்ந்தாள். அங்கே இருந்த ஆசிரியைக்கு என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கையில் இருந்த குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு மொழி இருக்கிற வீட்ல இந்தப் பிள்ளைங்க வளரத்தான் செய்றாங்க சார். அது தப்பில்ல. சுத்தி இருக்கறவங்க பேசுறதா இருக்கணும், அவ்வளவுதான். இவ யாருகிட்ட சார் கேக்கணும்?"

பத்து நிமிடத்தில் ஒரு பெண் கேட்டுவிட்ட கேள்வி. பன்னிரண்டு வருடத்தில் எனக்கு அது தோன்றவில்லை. நான் பாடம் நடத்தினேன். அவள் யாரோடு வாழப்போகிறாள் என்று பார்க்கவில்லை. எங்கள் இருவருக்கும் பிறகு அவளுக்குச் சோறு போடப்போகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். பசிக்கிறது, வலிக்கிறது, தொடாதே என்று அவள் சொல்ல வேண்டியது இவர்களிடம்தான்.

சான்றிதழுக்குப் போனோம். அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு உட்காரும் நாளில் வரிசையில் நின்றோம். இரண்டு புகைப்படம், குடும்ப அட்டை, ஒரு படிவம். சில வாரங்களில் அட்டை கைக்கு வந்துவிட்டது. இதற்காகவா இத்தனை வருடம் பயந்தோம் என்று இருந்தது. பிறகு விசாரித்ததில், இந்த அட்டைக்கும் பிரெஞ்சு மனுவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று தெரிந்தது. நான் சொன்னதைக் கேட்டு அட்டை எடுக்காமல் இருந்த இரண்டு குடும்பங்களுக்கு நேரில் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. அதுதான் நியாயம்.

'தண்ணி' என்ற சொல் வருவதற்கு எட்டு மாதம் ஆனது. பழைய சொல்லை விட அவளுக்கு மனமில்லை. ஆசிரியை அதைப் பிடுங்கவில்லை. அதன் பக்கத்திலேயே புதியதை வைத்தார். சொல் வராத நேரத்துக்குப் படங்கள் கோத்த ஒரு சிறு புத்தகத்தை இடுப்பில் கட்டிக்கொள்ளப் பழக்கினார். வீட்டிலும் பேசுங்கள் என்று என் மனைவியிடம் சொன்னார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. காலையில் எழுந்ததிலிருந்து என் மனைவி பேசுகிறாள். இது புளி, இது உப்பு, பூனை வந்திருக்கிறது பார், உன் மாமா அறுப்புக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறான், இந்தப் பாவாடை உனக்கு நன்றாக இருக்கிறது. மகள் கேட்கிறாளா இல்லையா என்று பார்ப்பதில்லை. பேசிக்கொண்டே இருக்கிறாள். ஒரு நாள் பாத்திரம் துலக்கும்போது பின்னாலிருந்து "அம்மா, தண்ணி" என்று குரல் வந்திருக்கிறது. மாணவர்கள் கூடத்தில் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஈரக்கையோடு ஓடி வந்து என்னிடம் சொன்னாள். சந்தோஷப்பட்டேன். கூடவே, இது பத்து வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. இப்போதெல்லாம் எனக்கு எந்தச் சந்தோஷமும் தனியாக வருவதில்லை.

இப்போது அவளுக்கு இருபத்திரண்டு. முப்பது சொற்கள் இருக்கும். பதினெட்டு முடிந்ததும் சட்டப்படி பாதுகாவலர் நியமிக்க மனு கொடுத்தோம். எங்களுக்குப் பிறகு யார் என்ற இடத்தில் விழிதியூரில் இருக்கும் என் மைத்துனர் பெயரை எழுதினோம். அந்தப் படிவத்தை நிரப்பிய பிறகுதான், மற்றவர்களுக்கும் எழுதிக்கொடுக்கலாம் என்று தோன்றியது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மையத்தில் பெற்றோர்கள் கூடுவோம். ஊரிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வருவார்கள். சான்றிதழ், உதவித்தொகை, காப்பீடு, பஸ் பாஸ், பாதுகாவலர் மனு என்று ஆளுக்கு ஒன்று தேவைப்படும். மூலையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து எழுதிக்கொடுக்கிறேன். புண்ணியம் என்று சிலர் சொல்கிறார்கள். தண்டனை என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆனால் தண்டனையில் இவ்வளவு நிம்மதி இருக்கக் கூடாது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு முஸ்லிம் அம்மா வருவார். கணவர் துபாயில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறார். அவருடைய மகனுக்கு என் மகள் வயதுதான், அதே ஆட்டிசம்தான். பையன் தனியாகப் பேருந்தில் வருகிறான். கடைக்குப் போய்ப் பால் வாங்கி மீதிச் சில்லறையைச் சரி பார்க்கிறான். ஒரு பேக்கரியில் பன் அடுக்கும் வேலை செய்கிறான். கூட்டத்தில் எல்லோருக்கும் டீ கொடுப்பவன் அவன்தான். ஒவ்வொருவரிடமும் நின்று, "சீனி போட்டது, சீனி போடாதது, எது வேணும்?" என்று ஒரே ராகத்தில் கேட்பான். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி முன்னேறுவதில்லை என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். தெரியும். இருந்தாலும் அவன் டீ நீட்டும்போது எனக்கு வயிறு எரியும். அதை ஒளிப்பதற்காகவே அவனிடம் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பேன்.

போன மழைக்காலத்துக்கு முந்தின சனிக்கிழமை, அந்த அம்மா ஒரு படிவத்தோடு என் மேசைக்கு வந்தார். பையனுக்குத் தொழிற்பயிற்சி ஒன்றுக்காக மனு. கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தேன். பயிற்சி தொடங்கிய வயது என்று ஓரிடம் இருந்தது. மூணு வயசு என்றார். அவ்வளவு சீக்கிரம் இந்த இடமெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். எழுதுகிற கவனத்தில் கேட்டதுதான்.

"சார், நெசமாவே உங்களுக்கு ஞாபகம் இல்லையா?" என்றார். "நீங்கதானே சொன்னீங்க."

நிமிர்ந்து பார்த்தேன்.

"பாண்டி ஆஸ்பத்திரியில சார். நானும் புள்ளையத் தூக்கிட்டு டாக்டரப் பாக்க வந்திருந்தேன். வெளிய பெஞ்சுல உக்காந்து அழுதுட்டிருந்தேன். நீங்களும் காரைக்காலான்னு கேட்டீங்க. சின்னப் புள்ளைங்களுக்கு வகுப்பு நடக்கிற எடம், நாளு எல்லாம் போட்டு டாக்டர் உங்களுக்கு ஒரு பேப்பர் குடுத்திருந்தாரு. எனக்குக் குடுக்குறப்ப தீந்துபோச்சுன்னுட்டாங்க. சட்டப் பையிலேருந்து அத எடுத்து, 'நீங்க வச்சுக்குங்கம்மா, நாங்க பிரான்ஸ் போகப்போறோம், எங்களுக்குத் தேவைப்படாது'ன்னு குடுத்தீங்க. புள்ளையோட வாப்பா துபாய்ல. எனக்கு வழி சொல்ல ஆள் இல்ல. அடுத்த வாரமே அங்க போயிட்டேன். இன்னைக்கு வரைக்கும் உங்களுக்காக துஆ கேக்குறேன் சார்."

எனக்கு அந்தப் பெஞ்சு நினைவில்லை. பேப்பர் நினைவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. கடலூர் தாண்டுவதற்குள் முடிவு செய்தேன் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே செய்துவிட்டிருக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்வதையே அவரிடமும் சொன்னேன். என் மகளுக்கு அப்போது பேச்சே இல்லை அம்மா, ஒரு சொல்கூடக் கிடையாது, போயிருந்தாலும் என்ன ஆகியிருக்குமோ என்றேன்.

அந்த அம்மா ஆறுதல் சொல்கிற முகத்தோடுதான் பதில் சொன்னார்.

"இல்லாம என்ன சார். டாக்டரப் பாக்குறதுக்கு முன்னாடி நீங்க சீட்டு வாங்கப் போனப்ப எம் மடியிலதான் இருந்துச்சு. என் வளையலப் புடிச்சு இழுத்து இழுத்து, 'தா, தா'ன்னு கேட்டுச்சு. அவுங்க அம்மாகூட பக்கத்துல சிரிச்சிட்டிருந்தாங்க. எம்புள்ள அப்ப வாயே தொறக்காது. எனக்கு அன்னைக்கு உங்களப் பாத்து அவ்வளவு பொறாமையா இருந்துச்சு."

படிவத்தை எழுதி முடித்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். பையன் டீ கொண்டுவந்தான், சீனி போட்டதை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்த அம்மா சொன்ன எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொன்னேன், பெஞ்சு, பேப்பர், துஆ எல்லாவற்றையும். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. சொன்னால், எனக்குத் தெரியுமே என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.